பின்பக்கம் வெற்று

பயிற்சிக்கு வந்திருக்கிற உங்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது என்னிடம் இல்லை. திருவனந்தபுரத்தில் ஓர் ஆவணக் காப்பகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே மூத்து, டிஜிட்டல் பிரிவுக்குப் பொறுப்பாளராகி, மாலையும் மரியாதையுமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் நான். மாலை போட்ட அன்று பேசியவர்கள் எல்லாரும் நான் எத்தனையோ பழைய பதிவேடுகளைக் காப்பாற்றியதாகச் சொன்னார்கள். காப்பாற்றினேன், இல்லையென்று சொல்லவில்லை. மூன்று புத்தகங்களை நாசம் செய்ததையும் யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம். அது மேடையில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஸ்கேனர், மென்பொருள், கோப்புக்குப் பெயர் வைக்கும் முறை எல்லாம் உங்கள் வகுப்பில் சொல்லித் தருவார்கள். நாங்கள் பழகிய யந்திரங்களை இப்போது காயலாங்கடையில்கூட எடுக்க மாட்டான். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு கேள்விக்கு நான் சொன்ன ஒரு பதிலைப் பற்றியும், அந்தப் பதிலால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றியும்தான் பேசப் போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. காப்பகத்துக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வந்திருந்தன. அந்த அறைக்கு மட்டும் ஏ.சி. உண்டு. கோயிலுக்குள் போகிற மாதிரி செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். உதவியாளர் பயிற்சிக்கு எட்டுப் பேர் வந்தார்கள். அவர்களைப் பழக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். நான் அப்போது பெரிய கெட்டிக்காரி என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்தவர்கள் கையில் நல்ல ஆவணத்தைக் கொடுத்தால் கிழித்துவிடுவார்கள். அதனால் மதிப்புக் குறைவு என்று முடிவான கட்டுகளில் வெள்ளை நாடா கட்டி ஒதுக்கிவைப்போம். வெள்ளை நாடாக் கட்டில் எதை வேண்டுமானாலும் செய்து பழகலாம். தூசி தட்டலாம், ஒட்டுப் போடலாம், பிரித்துத் திருப்பித் தைக்கலாம். எது மதிப்புக் குறைவு என்று முடிவு செய்தவள் நான்தான். எப்படி முடிவு செய்தேன் என்று கேளுங்கள். மேலட்டையைப் பார்த்து. அரசு முத்திரை இருந்தால் உயர்ந்தது, நிலத்தைப் பற்றியது என்றால் உயர்ந்தது, ஏதாவது ஒரு துரை ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் மிகமிக உயர்ந்தது. மற்றதெல்லாம் வெள்ளை நாடா. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் கொடுப்பார்கள், கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில்.

அந்த முறை நான் நாடா கட்டியது, போனக்காட்டுக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்த ஆள் பதிவேடுகளுக்கு. எஸ்டேட் ஆபீஸை ஒழித்தபோது சாக்குச் சாக்காக ஜீப்பில் அனுப்பியிருந்தார்கள். பக்கம் முழுக்க அச்சடித்த கட்டங்கள். ஓரத்தில் தொழிலாளியின் ஆள் நம்பர், மேலே தேதி, அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தால் ஒரு கோடு. பெயர் கிடையாது, எல்லாம் நம்பர்தான். அவற்றில் மிகப் பழைய மூன்று புத்தகங்கள் நாற்பதுகளில் எழுதியவை. தாள் நொறுங்குகிற பதத்தில் இருந்தது, பழகுவதற்கு நல்லது என்று அந்த மூன்றையும் எடுத்து மேஜையில் போட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் தகவல் வந்தது, மறுநாள் காலையில் வெளியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார், பயிற்சிக்காரர்கள் எடுத்த படங்களைப் பார்க்கப் போகிறார் என்று. அவர் நல்லபடியாக எழுதினால் இரண்டாவது யந்திரம் வரும், அந்த எட்டுப் பேருக்கும் வேலை நிலைக்கும், எனக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும். உடனே நாங்கள் எடுத்திருந்த படங்களைத் திரையில் போட்டுப் பார்த்தோம். கண்றாவியாக இருந்தது. பக்கம் முழுக்கச் சாம்பல் தூவின மாதிரி புள்ளியும் கறையும். தாள் மெல்லியது, பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தது முன்பக்கத்தில் நிழலடித்துக்கொண்டிருந்தது.

எட்டுப் பேரில் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஷீபா என்ற பெண் கொஞ்சம் பொறுமைசாலி. அவள் ஒரு தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“சேச்சி, இது தமிழல்லே? பேஜ் முழுக்க உண்டு. சேச்சிக்கு வாயிக்கான் அறியுமோ?”

படிக்கத் தெரியுமா என்று கேட்கிறாள். எனக்குத் தெரியும். நான் கரமனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கர். அம்மா நாகர்கோவில் பக்கம். வீட்டில் நாஞ்சில் நாட்டுத் தமிழ்தான். வாரப் பத்திரிகையை வைத்து அம்மா எனக்கு எழுத்துச் சொல்லித் தந்திருக்கிறாள். ஆனால் ஆபீஸில் நான் சுத்த மலையாளம். தமிழ் தெரியும் என்று காட்டிக்கொண்ட ஒருத்தரை என் கண்ணெதிரே, தமிழரை இளக்காரமாகச் சொல்கிற ‘பாண்டி’ என்ற பேரைச் சொல்லிச் சிரித்து, தமிழ்க் கட்டு எது வந்தாலும் அவர் தலையில் கட்டி, கடைசிவரை கிடங்கிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். அதைப் பார்த்துப் பயந்து, வீட்டில் பேசுவோம், எழுதப் படிக்கத் தெரியாது என்று சேர்ந்த புதிதிலேயே ஒரு பொய்யைச் சொல்லிவைத்திருந்தேன்.

ஷீபா நீட்டிய தாளில் என் கண் விழுந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. ‘எண்பத்தி நாலு, பேச்சியம்மை, மாடத்தி மகள், மூணாம் லயம், சித்திரையில் வந்தது.’ அதற்குக் கீழே எண்பத்தைந்து, எண்பத்தாறு என்று வரிசையாக. எனக்கு அந்த க்ஷணமே விளங்கிவிட்டது. முன்பக்கத்தில் துரைக்காக நம்பர், பின்பக்கத்தில் அந்த நம்பருக்கு ஆள் யார், யார் பிள்ளை, எந்த லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பு, எப்போது மலையேறினார்கள் என்று எஸ்டேட் கணக்குப்பிள்ளை தன் வசதிக்குக் குறித்துவைத்தது. பின்பக்கம் இல்லாவிட்டால் முன்பக்கம் வெறும் கோடு.

அப்போது மணி இரண்டரை. மறுநாள் காலை பத்துக்கு அதிகாரி.

“அறிஞ்சூடா” என்றேன். திருவனந்தபுரத்துக்காரர்கள் எனக்குத் தெரியாது என்பதற்குச் சொல்வது அது. “ஆரோ சும்மா கிறுக்கிப் பார்த்திருக்கான். ரப்பர் போட்டுத் துடைச்சிடு.”

அவள் தயங்கினாள். “எல்லாமா சேச்சி?”

“எல்லாந்தான். சீக்கிரம் ஆகட்டும்.”

கடையில் ஆளனுப்பி ஒரு பெட்டி வெள்ளை ரப்பர் வாங்கினோம். தாள் கிழியாமல் எப்படித் தேய்ப்பது என்று நானே செய்து காட்டினேன். ஒரு கையால் ஓரத்தை அமர்த்திக்கொண்டு நடுவிலிருந்து வெளியே, ஒரே திசையில். எட்டுப் பேரும் சினிமாக் கதை பேசிக்கொண்டே தேய்த்தார்கள். ஒரு புத்தகத்தை நானே எடுத்துக்கொண்டேன், அது உங்களுக்குத் தெரியவேண்டும். ஐந்தரைக்கு முடிந்தது. துகளைப் பெருக்கி அள்ளினோம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் மேலட்டைக்கு உட்புறம் ஒரு விவரச்சீட்டு ஒட்ட வேண்டும். அதில் என் கையால், ‘பின்பக்கம் வெற்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெற்றுப் பக்கத்தை ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்பது விதி. பழைய படங்களை அழித்துவிட்டு முன்பக்கத்தை மட்டும் அன்று ராத்திரியே மறுபடி எடுத்தோம், பின்பக்கத்தை எடுக்கவில்லை.

மறுநாள் அந்த அதிகாரி வந்தார். படங்களைப் பத்து நிமிஷம் பார்த்தார், டீயும் பருப்புவடையும் சாப்பிட்டார், “வெரி கிளீன்” என்றார். எல்லாரும் கை தட்டினோம்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று என்னிடம் யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். எனக்குச் சறுக்கவில்லை. பார்த்துத்தான் காலை வைத்தேன்.

சில வருஷம் கழித்து, இரண்டாயிரம் பிறந்தபின், ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு தாயும் மகளும் காப்பகத்துக்கு வந்தார்கள். விடியுமுன் மலையிறங்கி பஸ் பிடித்து வந்தவர்கள். தாய்க்குப் பெயர் செல்லத்தாய், கொழுந்து கிள்ளுகிறவள், விரலெல்லாம் கறை. மகள் ஜெயா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். முன்மேஜையில் இருந்தவர் செல்லத்தாயின் மலையாளத்தைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்து என்னிடம் அனுப்பிவைத்தார். அன்றைக்கு என்னவோ, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் என் வாயில் தமிழ்தான் வந்தது.

“உக்காருங்க. என்ன வேணும்?”

செல்லத்தாய் என்னை உற்றுப் பார்த்தாள். “நீங்க நம்ம ஆளா?” என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவள் நிறுத்தவே இல்லை.

“இவளுக்கு நர்சு படிப்புக்கு எடம் வந்திருக்கும்மா. சாதி சர்ட்டிபிகேட்டு வச்சாத்தான் சேத்துக்கிடுவாவளாம். வெள்ளிக்கெழம சாயங்காலத்துக்குள்ள வேணும். வில்லேஜ் ஆபீசுல என்ன சொல்லுதாவன்னா, ஐம்பதாம் வருசத்துக்கு முந்தியே ஒங்க குடும்பம் இங்க இருந்ததுக்கு ரெக்கார்டு கொண்டா, இல்லன்னா ஒங்க சர்ட்டிபிகேட்ட தமிழ்நாட்டுல போயி வாங்குன்னு. அங்க போனா, நீ கேரளாக்காரில்லா, இங்க எதுக்கு வந்தேங்கான். எங்க மாமனாரு மாடசாமி வெள்ளக்காரன் இருக்கும்போதே மல ஏறுனவரு. ஆள் நம்பரு நூத்திப் பதினேழு. எஸ்டேட்டு பொஸ்தகமெல்லாம் ஒங்ககிட்டதான் தந்துட்டதா மேனேசரு சொன்னாரு.”

எந்தப் புத்தகங்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் எழுந்து போய்ப் புத்தகங்களை எடுத்துவந்தேன்.

ஐம்பதுகளின் புத்தகங்களில் நாங்கள் கை வைத்திருக்கவில்லை. அவற்றின் பின்பக்கத்தில் பென்சில் பளிச்சென்று இருந்தது. ‘நூற்றிப் பதினேழு, மாடசாமி, இசக்கி மகன், மூணாம் லயம்.’ செல்லத்தாய் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் வருஷம் பிந்திவிட்டது. நாற்பதுகளின் புத்தகத்தைத் திறந்தேன். முன்பக்கத்தில் நூற்றிப் பதினேழாம் நம்பர் மாதம் தவறாமல் வேலைக்கு வந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் கோடு. பக்கத்தைத் திருப்பினேன். வெள்ளையாக இருந்தது.

“நம்பரு இருக்குல்லா? போதும்லா?” என்றாள் செல்லத்தாய்.

போதாது. எஸ்டேட்டில் ஓர் ஆள் போனால் அவன் நம்பரை வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள். நாற்பதுகளின் நூற்றிப் பதினேழு வேறு யாராகவும் இருந்திருக்கலாம் என்று வில்லேஜ் ஆபீஸர் சொல்வார், அவர் சொல்வதிலும் தப்பில்லை. அந்த ஒரு வரி வேண்டும். அந்த ஒரே ஒரு வரி.

ஜெயா எழுந்தாள். புத்தகத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள்.

“அம்மா, இதுல எழுத்து உண்டாயிருந்திருக்கு. பென்சில் அழுத்தின தடம் தெரியுது பாரு” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “மேடம், இத யாரோ அழிச்சிருக்காங்க” என்றாள்.

“பழைய பென்சில் இல்லியா. தானா மங்கிப்போயிருக்கும்” என்றேன்.

அவள் மேலட்டையைத் திறந்து விவரச்சீட்டைப் படித்தாள். “இதுல பின்பக்கம் வெற்றுன்னுல்லா போட்டிருக்கு. மங்கிப்போச்சுன்னா அப்படி எழுதுவாங்களா? இது யார் ஒப்பு?” என்று கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

“அது பழைய ஸ்டாஃப். இப்ப இங்க இல்ல.”

இவ்வளவு சரளமாக என்னால் பொய் சொல்ல முடியும் என்று எனக்கே அதுவரை தெரியாது. வியாழக்கிழமை வாருங்கள், என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அன்று மத்தியானம் கிடங்கு அறையின் ஜன்னலை அடைத்துவிட்டு, டார்ச்சைத் தாளுக்குச் சமமாகப் படுக்கவைத்து அடித்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். செவ்வாயும் உட்கார்ந்தேன். நூற்றிப் பதினேழாவது வரியில் ஒரு ‘மா’, கொஞ்சம் தள்ளி ‘சாமி’, கடைசியில் ‘லயம்’. தெரிந்தவள் பார்த்தால் தெரியும். தெரியாதவர்களுக்கு அது தாளின் சுருக்கம்தான். எங்கள் பிள்ளைகள் அவ்வளவு நன்றாகத் தேய்த்திருந்தார்கள், நான் அல்லவா பழக்கினேன்.

புதன்கிழமை காலையில் மேலதிகாரியிடம் போனேன். கெட்ட மனிதர் அல்ல, ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், நான் படித்த வரி உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மலையாளத்தில் பேசினார். அதன் சாரம் இதுதான். டார்ச்சடித்துப் பார்த்ததை யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் இங்கே பெயர்கள் இருந்தன, தெரிந்தே அழித்தோம், சீட்டில் எழுதியது பொய் என்று நான் கைப்பட எழுதி, அந்தத் தாளோடு சேர்த்துக் கொடுத்தால் ஒருவேளை எடுபடும். தாசில்தார் தனக்குத் தெரிந்தவர், தானே கூப்பிட்டுப் பேசவும் தயார்.

“நான் தடுக்க மாட்டேன். எழுதித் தந்தால் இன்றைக்கே அனுப்புவேன். ஆனால் அதற்குப் பிறகு உங்களை அந்தக் கசேரையில் உட்கார வைக்க என்னால் ஆகாது. நிங்ஙள் தீருமானிச்சோ.”

நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றுதான் அர்த்தம். டிஜிட்டல் பிரிவுக்குப் பொறுப்பாளராக என் பெயர் போயிருந்த மாதம் அது.

என் மேஜைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கம் எழுதினேன். ‘நான் படித்து அறிந்திருந்தும்’ என்ற இடம் வந்தபோது பேனாவை மூடிவைத்தேன். நாளைக் காலையில் முடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். சத்தியமாக அன்றைக்கு எனக்குத் தெரியும், நாளைக் காலையில் முடிக்க மாட்டேன் என்று. அந்த அரைப் பக்கத்தை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன்.

வியாழக்கிழமை தாயும் மகளும் வந்தபோது, நாற்பதுகளின் முன்பக்கத்துக்கும் ஐம்பதுகளின் பெயர்ப் பக்கத்துக்கும் நகல் எடுத்து, முத்திரை வைத்து, உண்மை நகல் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். “என்னால முடிஞ்சது இவ்வளவுதான்” என்றேன். செல்லத்தாய் முந்தானையிலிருந்து ஒரு பொட்டலம் தேயிலை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

“இந்த ஆபீசுல எங்கள மனுசியா மதிச்சது நீங்க ஒருத்திதாம்மா. ஒங்க புள்ளையளு நல்லா இருக்கணும்.”

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். ஜெயா அந்த நகலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் செல்லத்தாய் ஏதோ கடையிலிருந்து ஆபீஸுக்குப் போன் செய்தாள். “தரலம்மா. நம்பரு சரி, ஆளு யாருன்னு கேட்டாவ. நாள் முடிஞ்சிட்டு.” நான் “அப்படியா” என்றேன். அந்த மாதக் கடைசியில் எனக்குப் பொறுப்பாளர் உத்தரவு வந்தது.

அதற்குப் பின் எத்தனையோ குழுவைப் பழக்கினேன். பயிற்சி அறைக்குள் யாராவது ரப்பர் கொண்டுவந்தால் காட்டுக் கத்தல் கத்துவேன். அம்மாவுக்குப் பிராந்து, அதாவது பைத்தியம், என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொள்வார்கள். என் கண்டிப்பால்தான் பிரிவு இவ்வளவு பெயரெடுத்தது என்று மேலே உள்ளவர்கள் எழுதினார்கள்.

பாடம் என்ன என்று கேட்பீர்கள். கிழிந்ததை ஒட்டலாம், பூஞ்சையைத் தட்டலாம், கரையான் தின்றதுபோக மீதியைக் காப்பாற்றலாம். உங்களுக்குப் பயமாக இருக்கும்போது எந்தத் தாளையும் தொடாதீர்கள், அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். அதிகாரி வருகிறார் என்றால் அழுக்கோடு காட்டுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லாதீர்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தலையாட்டுகிறீர்கள், ஆனாலும் உங்களில் ஒருத்தர் இதையே செய்வீர்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது. நானும் இப்படித் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான். அந்த மூன்று புத்தகங்களிலும் இருந்த ஆட்களில் பேச்சியம்மை ஒருத்தியின் வரிதான் முழுசாக மிச்சம், அதுவும் என் தலைக்குள். நான் போனால் அதுவும் போயிற்று. அவளைத் தேடி யாரும் வரவுமில்லை.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்த அரைப் பக்கத்தை முழுப் பக்கமாக்கினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்கள் சொல்லலாம், சொல்லுங்கள். கைப்பட எழுதி, தேதி போட்டு, உறையில் வைத்து எடுத்துக்கொண்டு போனக்காட்டு பஸ் ஏறினேன். இறங்கியபின் ஒரு மணி நேர நடை. எஸ்டேட் அநேகமாக நின்றுபோயிருந்தது. தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்து கிடந்தது. லயத்தில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. செல்லத்தாய் அதே மூன்றாம் லயத்தில் இருந்தாள், தனியாக. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

“இவ்வளவு தூரம் நடந்தா வந்திய? ஒரு வார்த்த சொல்லி விட்டா நானே வந்திருப்பேன்லா.”

பலகையைத் துடைத்துப் போட்டு, பாலில்லாத கட்டன்சாயா போட்டுத் தந்தாள். ஜெயா எங்கே என்று கேட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், அங்கேயே ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள், ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றாள். கொஞ்ச நாளாகத் தைத்துத் தைத்து மகளுக்குக் கண் வலிக்கிறதாம். “நல்லா படிக்கிற புள்ளம்மா அது” என்றாள். நான் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கடிதம் மலையாளத்தில் இருந்தது, அவளுக்குப் படிக்க வராது. அதனால் வாயாலேயே சொன்னேன். வெள்ளை நாடா, அதிகாரி, ரப்பர், ஷீபா கேட்டது, நான் சொன்னது, இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டியது, ஒன்று விடாமல் எல்லாம்.

“அப்ப அது தானா மங்கல” என்றாள்.

“இல்ல.”

“நீங்க அழிச்சது.”

“ஆமா.”

ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் தேவலை என்று இருந்தது. அவள் என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

“அன்னைக்கே அவ சொன்னா. திரும்பி வரும்போது, பஸ்ஸுல வச்சி. அந்தப் பொஸ்தகத்துல ஒட்டியிருந்த சீட்டுல உள்ள ஒப்பும் நமக்குத் தந்த பேப்பருல உள்ள ஒப்பும் ஒண்ணுதாம்மா, அந்தம்மாதான் அழிச்சிருக்குன்னு சொன்னா. நம்ம பாஷ பேசுதவ, நம்மள உக்கார வச்சிப் பேசுனவ, அப்படிச் செய்வாளான்னு, அவ்வளவு சனத்துக்கு முன்னால அவ கன்னத்துல அறஞ்சேன். வயசுக்கு வந்த புள்ளய. அதுக்குப் பொறவு அவ அதப் பத்திப் பேசவே இல்ல. எங்கிட்ட அதிகமா எதுவுமே பேசுறதில்ல.”

நான் உறையை நீட்டினேன். இதை வைத்து இப்போதாவது, அந்தப் பேத்திக்காவது, என்று ஏதோ சொன்னேன். அவள் அதை வாங்கவில்லை. பாய்க்கடியில் கையை விட்டுப் போனைத் தேடி எடுத்தாள்.

“இருங்க. நான் மொதல்ல அவகிட்ட மாப்பு கேக்கணும்.”

லயத்தில் ரேஞ்சு கிடைக்காது, எதிரே இருக்கிற மேட்டுக்கு ஏற வேண்டும். செல்லத்தாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஏறிப் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.